சிவப்பு ஜெர்சியைக் கழற்றுங்கள்: சின்னக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சி ஆட்டத்தை வீணடிக்கும் தவறுகள்

அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளுக்குப் புதிதாக உதவி கோச்சாக வருகிற பையன்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். நாங்கள் அந்த வயதில் விழுந்த அதே குழிகளில், அதே வரிசையில் விழுகிறார்கள். இப்போது அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. நியூ ஜெர்சியிலோ மிஷிகனிலோ பிறந்து, ஹைஸ்கூலில் முட்டைப் பந்து ஆடி, கல்லூரி முடித்த கையோடு சம்பளம் இருக்கிறதோ இல்லையோ கோச்சிங்கில்தான் இருப்பேன் என்று வருகிறார்கள். அஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறுகிறவர்கள் பக்கம் வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர், ஆம்புலன்ஸ், ஹெல்மெட் சங்கதியெல்லாம் இதில் வராது. அது தெரியாதவர் மைதானத்துக்கே வரக் கூடாது.

பயிற்சி ஆட்டம் என்று நான் சொல்வது சீசன் கணக்கில் சேராத எல்லாவற்றையும்தான்: வசந்த காலத்தில் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து ஆடுவது, ஆகஸ்ட் கடைசியில் பக்கத்துக் கல்லூரியோடு மோதிப் பார்ப்பது, எப்போதாவது வெளிநாட்டுக்குப் போய் ஆடுவது.

சொந்த டிஃபென்ஸிடமே பரீட்சை எழுதுவது

உங்கள் டிஃபென்ஸுக்கு, அதாவது அவர்களைத் தடுக்கிறவர்களுக்கு, உங்கள் அஃபென்ஸ் மனப்பாடம். முன்வரிசையில் நிற்கும் டேக்கிள் இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்தால் பாஸ் (பந்தை எறியப் போகிறார்கள்) என்று அவர்களுக்குத் தெரியும். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எந்த எண்ணிக்கையில் ஸ்னாப் (பந்தைப் பின்னால் தருவது) கேட்பான் என்றும் தெரியும். அவர்களிடம் ஒரு ப்ளே (முன்பே வகுத்த ஒரு நகர்வு) தோற்றால் அது மோசமான ப்ளே என்று அர்த்தமில்லை. ஜெயித்தாலும் நல்ல ப்ளே என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஏப்ரலில் சக மாணவனின் முழங்காலை உடைக்க யாருக்கும் மனசு வராது.

வெளி அணியின் மதிப்பு இங்கேதான். அயோவா மாநிலத்து டிரேக் பல்கலைக்கழகம் ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் தராத இடம். 2011 மே மாதம் அந்த அணி டான்சானியாவின் அருஷாவுக்குப் போய், மெக்சிகோ கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணியோடு ஆடியது. 17–7 என்று ஜெயித்தது. கிளிமஞ்சாரோ அடிவாரம், படங்கள், பயணம் எல்லாம் பேசப்பட்டன. ஒரு கோச்சாக எனக்குப் பொறாமை வேறொன்றில்: நம் சிக்னலை ஒருமுறைகூடப் பார்த்திராத டிஃபென்ஸ் எதிரே நிற்க, ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ மே மாதமே கையில் கிடைக்கிறது. அருஷா வரை போக நம்மிடம் காசு இருக்காது. ஆகஸ்டில் நாற்பது மைல் தள்ளி இருக்கும் கல்லூரிக்கு பஸ் விட முடியும்.

ஆப்ஷன் அணிக்குச் சிவப்பு ஜெர்சி

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிறத்தில் ஜெர்சி போட்டு விடுவார்கள், பெரும்பாலும் சிவப்பு. அவனை அடிக்கக் கூடாது. தொட்டால் விசில். பாஸ் ஆடும் அணிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஓடி வந்த ஆள் தொட்டுவிட்டான், அது சேக் (எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) என்று எழுதிக்கொண்டு அடுத்த ப்ளேக்குப் போகலாம்.

பந்தை யாரிடம் தருவது என்று ஓடும்போதே முடிவெடுக்கும், சின்னக் கல்லூரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிற டிரிபிள் ஆப்ஷனுக்கு அதே ஜெர்சியைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி, ஸ்காலர்ஷிப் தராத கல்லூரிகளின் பிரிவான டிவிஷன் 3-இல் நெடுங்காலம் இதை ஆடித்தான் பேர் வாங்கியது. ஸ்காலர்ஷிப் இல்லாத இடத்தில் முன்வரிசையில் மோதும் 140 கிலோ லைன்மேன்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். அதனால் எதிரணியில் இரண்டு பேரை யாருமே பிளாக் செய்யாமல் (உடலால் மறிக்காமல்) வேண்டுமென்றே விட்டுவிடுவோம். அவர்களுக்கான இரண்டு பிளாக்கர்களும் வேறு இடத்தில் ஆள் பலம் சேர்ப்பார்கள். விடப்பட்ட முதல் ஆளைப் பார்த்துக்கொண்டே குவார்ட்டர்பேக் பந்தை, நடுவில் ஓடும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்தபடி ஒன்றிரண்டு அடி கூடவே போவான். அந்த ஆள் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும். பாயாவிட்டால் விட்டுவிட வேண்டும். உருவினால், இரண்டாவது ஆளை நோக்கி நேராக ஓட வேண்டும். அவன் தன் மேல் வந்தால் பக்கத்தில் ஓடிவரும் ஸ்லாட்பேக்குக்கு பிட்ச் (பக்கவாட்டில் தூக்கிப் போடுவது), வராவிட்டால் தானே ஓட்டம். ஒன்றிரண்டு வினாடிக்குள் இரண்டு முடிவு. இரண்டையும் எடுக்கும்போது எதிரே ஒருவன் தன்னை அடிக்கத்தான் வருகிறான் என்று அவனுக்குத் தெரியும். இந்த அஃபென்ஸின் உயிரே அந்த அடிதான்.

சிவப்பு ஜெர்சி போட்டு இதை ஆடுவது, பாடி வருகிறவனைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கபடி ஆடுகிற கதை. அடிக்க முடியாதவனை டிஃபென்ஸ் மதிக்காது. முதல் ஆள் எப்போதும் ஃபுல்பேக்கைப் பிடிப்பான், குவார்ட்டர்பேக் எப்போதும் உருவி ஓடுவான், புள்ளிவிவரத் தாளில் இருபது இருபது யார்டாக விழும். அல்லது எல்லோரும் அவனை விட்டுவிட்டு பிட்ச் போகும் இடத்தில் போய் நிற்பார்கள், அப்போது பிட்ச் உதவாது என்று எழுதிவைப்பீர்கள். இரண்டும் பொய்க் கணக்கு.

ஒரு கல்லூரியின் அஃபென்ஸ் கோச், திறமைசாலி, பேர் வேண்டாம். அவருடைய வசந்தகால ஆட்டத்தில் இந்தக் கூத்துதான் நடந்தது. குவார்ட்டர்பேக் வேகமானவன், விசில் ஊதும் கோச்சும் கொஞ்சம் தாராளம். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அங்கே உதவியாளனாக இருந்த நம்மூர்ப் பையன் என்னிடம், "அண்ணா, நானூறு யார்டு ஓடியிருக்கோம், இன்னும் என்ன பார்க்கணும்?" என்றான். "தம்பி, உங்க குவார்ட்டர்பேக் சட்டையில புல் கறை இருந்துச்சா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் முதல் ஆட்டத்தில் எதிரணி லைனின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்ஸிவ் எண்ட் ஒரே ஒரு காரியம் செய்தான். பந்து யாரிடம் இருந்தாலும் குவார்ட்டர்பேக்கை அடித்தான். பந்து கையில் இருப்பதாக நடித்து ஓடுகிறவனை அடிப்பது விதிப்படி சரிதான், யாரிடமும் புகார் சொல்ல முடியாது. இரண்டாவது குவார்ட்டருக்குள் பையனின் கண் முதல் ஆளை விட்டு இறங்கித் தன் விலா எலும்புக்குப் போய்விட்டது. பிட்ச் ஸ்லாட்பேக்குக்குப் பின்னால் புல்லில் உருண்டது. ஃபுல்பேக் வயிற்றில் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பந்து நழுவியது. ஒரு ஆட்டம் தோற்றால் போகட்டும். தலைமை கோச் அக்டோபரில் ஆப்ஷனையே தூக்கிப்போட்டு பாஸுக்கு மாறினார். ஆப்ஷனுக்கென்றே சேர்த்த ஃபுல்பேக்குகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவர்களில் சிலர் வேறு கல்லூரி தேடிப் போனார்கள். டிசம்பரில் அந்த அஃபென்ஸ் கோச்சுக்கும் வேலையில்லை. ஆப்ஷன் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று அங்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். ஒத்துவருமா என்று அவர்கள் சோதித்துப் பார்த்ததே கிடையாது! எனக்கு இன்னும் எரிச்சல் தருவது அதுதான்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். கைவசம் ஒரே ஒரு நல்ல குவார்ட்டர்பேக். ஏப்ரலில் அவன் முழங்கால் போனால் வருஷமே போச்சு. நியாயமான பயம். அதனால் முழு ஆட்டமும் அடி வாங்கச் சொல்லவில்லை. முதல் குவார்ட்டர்பேக்குக்குச் சில ஸ்னாப்புகள் மட்டும் முழு அடியோடு இருக்கட்டும், அவை எவை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டர்பேக்குகளுக்கு ஜெர்சியே வேண்டாம். தினமும் பயிற்சியில் பிட்ச் செய்யும் நொடியில் கோச் ஒருவர் கைத்திண்டால் அவன் நெஞ்சில் நன்றாக இடிக்க வேண்டும், விழுந்துகொண்டே பிட்ச் செய்யப் பழகட்டும். இதற்கும் தலைமை கோச் சம்மதிக்காவிட்டால், வசந்தகால ஆட்டத்தில் ஆப்ஷனையே ஆடாதீர்கள். வேறு எதையாவது ஆடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பொய்த் தகவலை விட ஒன்றும் தெரியாமல் இருப்பது மேல்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: 2022-இல் கல்லூரி விதி மாறி, லைனின் நடுப்பகுதியான டேக்கிள் பாக்ஸுக்கு வெளியே இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வது தடையானது. ஆப்ஷன் அணிகளின் ஸ்லாட்பேக்குகள், ஓரத்தில் காவல் நிற்கும் கார்னர்பேக்கின் காலை வெட்டித்தான் பிழைத்துவந்தார்கள். இப்போது நெஞ்சோடு நெஞ்சு மோத வேண்டும். 75 கிலோப் பையனால் அது முடிகிறதா என்பது, முன்பின் ஆடாத வெளி அணியின் கார்னர்பேக் எதிரே நின்றால்தான் தெரியும்.

ஸ்கோர்போர்டு

அணைத்துவிடுங்கள்.

நேரம் கிடைத்தது என்று ப்ளே சேர்ப்பது

வசந்த காலத்தில் ஆட்டம் இல்லை, நேரம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. விளைவு, தாளில் எண்பது ப்ளே. அயோவாவின் மவுண்ட் ப்ளஸன்ட் ஊரில் அயோவா வெஸ்லியன் என்று ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. 2023-இல் மூடிவிட்டார்கள். 1989-இல் ஹால் மம்மி அங்கே தலைமை கோச்சாக வந்தார், மைக் லீச் அவருக்கு உதவி. பிறகு ஏர் ரெய்டு என்று நாடெங்கும் பரவிய பாஸ் அஃபென்ஸ் உருவெடுத்தது அங்கேதான். அந்த அஃபென்ஸின் பலம் ப்ளேக்களின் எண்ணிக்கையில் இல்லை. கொஞ்சம் ப்ளே, அதையே திரும்பத் திரும்ப ஒத்திகை. பயிற்சி ஆட்டத்தில் புதிதாக இருபது ப்ளேயை ஒவ்வொன்றும் ஒரு தடவை ஆடினால் இருபதைப் பற்றியும் எதுவும் தெரியாது. ஆறு ப்ளேயை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவதில்), கோல் லைன் பக்கத்தில், சேற்றில், களைத்த லைனோடு ஆடிப் பாருங்கள்.

பெரிய கல்லூரிகளைப் பார்த்து ஆட்டத்தையே விட்டுவிடுவது

2025-இல் நெப்ராஸ்கா தன் வழக்கமான வசந்தகால ஆட்டத்தை விட்டது. வேறு கல்லூரிகள் அதைப் பார்த்து நெப்ராஸ்கா ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே வசந்தத்தில் கொலராடோவின் தலைமை கோச் டியோன் சாண்டர்ஸ் சிராக்கியூஸோடு ஆட வேண்டும் என்று கேட்டார், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ மறுத்தது. அவர்கள் பிரச்சினை அவர்களுக்கு. நம் லெஃப்ட் கார்டைத் தூக்கிப்போக யாரும் கேமராவோடு வரவில்லை.

விதிப் புத்தகம்

பயிற்சி ஆட்ட விதிகள் டிவிஷனுக்கு டிவிஷன் வேறு, வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் ஆடினோமே என்று கிளம்பாதீர்கள்.

எதிர் கோச்சிடம் பேசாமல் பஸ் ஏறுவது

இரண்டு அணிகளும் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டு வந்தால் மூன்றாவது ப்ளேயில் கைகலப்பு. குவார்ட்டர்பேக்கை அடிக்கலாமா, எப்போது அடிக்கலாம், ஆளுக்கு எத்தனை ஸ்னாப், பந்தை எந்த யார்டில் வைத்துத் தொடங்குவது, கிக்காஃப் உண்டா, பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் பாய்வது) வரலாமா, வீடியோவை யார் எடுத்து யாருக்கு அனுப்புவது: எல்லாம் ஒரு வாரம் முன்பே போனில் பேசி, பிறகு மெயிலில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்கள் அஃபென்ஸ் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள். அவர்கள் தயாராகாமல் வருவதுதான் உங்களுக்கு லாபம். குறைந்தது இரண்டு கேமரா வேண்டும். பக்கவாட்டில் ஒன்று, எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்தில் ஒன்று. பின்னாலிருந்து எடுக்காத வீடியோவில் லைனைப் பற்றி எதுவும் தெரியாது.

வராத ஆட்களை மறப்பது

சின்னக் கல்லூரியில் உங்கள் வேகமான ரிசீவர் ஏப்ரலில் டிராக் மீட்டில் இருப்பான். இரண்டாவது குவார்ட்டர்பேக் பேஸ்பால் அணியில் இருப்பான். ஆகஸ்டில் ஆடப்போகும் அணியில் கணிசமான பங்கு இன்னும் ஹைஸ்கூலே முடிக்கவில்லை. இந்த அரைகுறை அணியின் ஆட்டத்தை வைத்து ஏப்ரலிலேயே முதல் பதினொருவர் பட்டியலைச் சுவரில் ஒட்டினால், ஆகஸ்டில் வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு நமக்கு இடமில்லை என்று முடிவு கட்டுவான். ஒட்டப்பட்டவன் கோடை முழுக்கத் தூங்குவான். பட்டியல் உங்கள் மேசை இழுப்பறைக்குள் இருக்கட்டும். ஆகஸ்டில் வெளி அணியோடு ஆடி, அந்த வீடியோவை லைன் கோச்சோடு உட்கார்ந்து ஒருமுறை முழுசாகப் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.