டிரில் மெஷின் பத்து நிமிடத்தில் வந்துவிடும், எந்தச் சுவர் என்று யார் கேட்பது?

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், மெயினை அணையுங்கள், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் புது அடுக்குமாடி வீடுகளில் திரைச்சீலைக் கம்பி, அலமாரி, டிவி மாட்டிக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்காரரே செய்து பார்த்துவிட்டு, சிக்கிக்கொண்ட இடத்தில் என்னைக் கூப்பிடுவது இப்போது ரொம்பவே கூடிவிட்டது. அவர்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். சாமான் வாங்கும் இடம் மாறிவிட்டது, அதுதான் சங்கதி.

பழைய ஹார்ட்வேர்ஸ் கடையில் எல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும். "ரெண்டு டஜன் பிளக் குடுங்க" (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) என்றால், "எதுக்கு? எந்தச் சுவரு?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணாச்சி டப்பாவைத் திறப்பார். சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது நாமே எடுத்துக்கொள்ளும் பெரிய கடைகள் வந்துவிட்டன. செயலியில் பால் பாக்கெட்டோடு டிரில் மெஷினும் வந்து இறங்குகிறது. விலையை ஒப்பிடலாம், தெரியாத பெயரைச் சொல்லி விழிக்க வேண்டாம், ஒரு பெண் தனியாகப் போனால் "வீட்ல ஆம்பளைங்க இல்லையாம்மா" என்ற விசாரணையும் இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் தேவையான அந்தக் கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. அதனால் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எந்தச் சுவர் என்று தெரியாமல் துளை போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் இதில் போகிற பணம் கொஞ்சநஞ்சமில்லை.

நாவலூரில் ஒரு வீடு. கையை நீட்டி மடக்கும் வகை பிராக்கெட்டில் டிவியை மாட்டியிருந்தார் அந்தத் தம்பி. பிராக்கெட் பெட்டியிலேயே இலவசமாக வந்த பிளக், புது டிரில், ஹேமர் மோடில் (சுற்றிக்கொண்டே இடிக்கும் முறை) சர்ரென்று துளை. சோபாவுக்கு நேராக டிவியைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். ராத்திரியில் மேல் ஸ்க்ரூ இரண்டும் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. திரை காலி. பேனல் மாற்றும் செலவைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாம் என்பார்கள், அவரிடமும் அதைத்தான் சொன்னார்கள். நான் போனபோது, "பிளக் மட்டமான சரக்குண்ணே" என்று பத்து எம்எம் பிளக் ஒரு பாக்கெட் வரவழைத்து வைத்திருந்தார்.

பிளக் மேல் தப்பில்லை. தரையில் கிடந்த தூளைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: கோலமாவு மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது. ஏஏசி பிளாக் சுவர், அதாவது செங்கல்லுக்குப் பதிலாக வைக்கும் இலேசான கல்.

செங்கல் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ எடை இருக்கும். ஏஏசி பிளாக் 550 முதல் 650 கிலோதான். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழ்கள். அதனால்தான் கட்டடத்தின் பாரம் குறைகிறது, கட்டுகிறவர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் சாதாரண பிளக், ஸ்க்ரூ ஏறும்போது விரிந்து சுவரை நெருக்கித்தான் பிடித்துக்கொள்கிறது. ஏஏசியில் நெருக்கினால் அது பிடி கொடுக்காது, நொறுங்கும். ஹேமர் மோடில் துளைத்தால் எட்டு எம்எம் பிட் பத்து எம்எம் குழியைத் தோண்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு விலை கொடுத்த பிளக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இதோடு நீட்டும் பிராக்கெட்டின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிவி பத்து கிலோ. சுவரிலிருந்து 40 செ.மீ. வெளியே நிற்கிறது. பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 20 செ.மீ. அப்போது மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை சுமார் 20 கிலோ. டிவி எடையைப் போல இரண்டு மடங்கு. இது கீழ்நோக்கித் தொங்கும் பாரத்துக்கு மேல் தனி. பெட்டியில் 'முப்பது கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பது இரும்பைப் பற்றியது, உங்கள் சுவரைப் பற்றியதில்லை.

சரி, சுவரை எப்படித் தெரிந்துகொள்வது? சிங்க்குக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ, கண்ணில் படாத இடத்தில் ஹேமரை அணைத்துவிட்டு ஐந்து எம்எம் பிட்டால் ஒரு துளை போடுங்கள். முதல் 12 முதல் 15 எம்எம் வரை பூச்சு, சாம்பல் தூள்தான் வரும், அதை நம்ப வேண்டாம். அதைத் தாண்டியதும் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல். வெள்ளை மாவு, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏஏசி. சாம்பல் தூள் வந்து திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். பிட் கீச்சிட்டுக்கொண்டு நகரவே மறுத்தால் கான்கிரீட். ஒரே அறையில் தூண் கான்கிரீட்டாகவும் பக்கத்துச் சுவர் ஏஏசியாகவும் இருக்கும், ஆகவே டிவி வரும் இடத்திலேயே இன்னொரு முறை பாருங்கள்.

ஏஏசிக்கென்றே சுருள் வரி உள்ள நைலான் பிளக் வருகிறது. பெரிய செயலிகளில்கூடக் கிடைக்கும், ஆனால் தேடத் தெரிந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். ஹேமர் இல்லாமல், பாக்கெட்டில் சொன்ன அளவில் துளை. பாரம் அதிகமென்றால் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை விட்டு இறுக்கும் போல்ட்) போடலாம், அல்லது பிராக்கெட்டைத் தூண் இருக்கும் பக்கம் நகர்த்தலாம். நாவலூர்த் தம்பியின் புது டிவியை, சுவரோடு ஒட்டி நிற்கும் சாதா பிராக்கெட்டில் தூண் பக்கம்தான் மாட்டினேன். சோபாவை அவர் நகர்த்திக்கொண்டார்.

இன்னொன்று, செங்கல் சுவரிலும் இது நடக்கும். 25 எம்எம் பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும், ஸ்க்ரூவின் நீளத்தையும் அதற்கேற்ப வாங்குங்கள்.

கான்கிரீட்டில் சின்ன டிரிலோடு மல்லுக்கட்டுவது

அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) கட்டிய வீடுகளில் எல்லாச் சுவருமே கான்கிரீட். 13 எம்எம் இம்பேக்ட் டிரில் அங்கே அதிரும், லேசில் துளைக்காது. பிட் சிவந்து முனை மழுங்கும். ரோட்டரி ஹேமர் (இன்னும் பலமாக இடித்துத் துளைக்கும் பெரிய மெஷின்) வேண்டும், ஒரு நாள் வேலைக்கு அதை விலைக்கு வாங்காதீர்கள். தெருமுனை ஹார்ட்வேர்ஸ் கடைகள் இப்போது முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குத் தருகின்றன. செயலிகளோடு போட்டி போட அவர்கள் கண்டுபிடித்த நல்ல வழி இது. பிட் இரும்புக் கம்பியில் மோதினால் அழுத்தாதீர்கள், துளையை நகர்த்துங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே துளைப்பது

வேண்டாம்.

போனில் பார்த்துப் பெயிண்ட் நிறம் சொல்வது

கடையில் டிண்டிங் மெஷின் வந்த பிறகு ஆயிரக்கணக்கான நிறம். வெள்ளை பேஸில் மெஷின் சொட்டுச் சொட்டாக நிறம் விட்டுக் கலக்கித் தந்துவிடும். கலக்கியதைத் திருப்பி வாங்க மாட்டார்கள். சின்ன டப்பா ஒன்று வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். மூடியில் ஒட்டிய நிற எண் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெவ்வேறு நாளில் கலந்த டப்பாக்கள் இருந்தால் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் சுவர் நடுவில் கோடு தெரியும்.

வெள்ளைக் குழாயும் சந்தன நிறக் குழாயும் ஒன்றென்று நினைப்பது

வெள்ளை யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு, சந்தன நிறச் சிபிவிசி சுடுதண்ணீருக்கும் ஆகும். இரண்டிலும் முக்கால் இன்ச் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் முக்கால் இன்ச் சிபிவிசியின் வெளி விட்டம் சுமார் 22 எம்எம், யுபிவிசி பிளம்பிங் குழாய்க்கு சுமார் 27 எம்எம். ஒன்றின் எல்போ இன்னொன்றில் ஏறாது, பசையும் வேறு. இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் மரை உள்ள ஃபிட்டிங்தான். ஆர்டர் போடும் முன் குழாயின் நிறத்தையும் அதன்மேல் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள்.

நூற்றிச் சொச்சம் உருப்படி உள்ள டூல் கிட்

பெட்டி நன்றாக இருக்கும்.

பழைய பொருளைக் கொண்டு போகாமல் கடைக்குப் போவது

கழற்றியதைக் கையோடு கொண்டு போங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள், இப்போது பல கடைகளில் அதைப் பார்த்தே எடுத்து வைக்கிறார்கள். ஸ்கேல் இல்லாத போட்டோவில் அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழாயைக் கழற்றுவது

செயலியில் டெஃப்லான் டேப் வந்துவிடும். உடைந்து சுவருக்குள் நின்றுவிட்ட நிப்பிளை (மரை உள்ள சின்னக் குழாய்த் துண்டு) எடுக்கும் ஆள் திங்கட்கிழமைதான் வருவார்.