எபோனைட் மைப்பேனாவை அன்றாடம் எழுதவைத்துக்கொள்வது எப்படி

மைப்பேனா வாங்குவதில் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கைக்கூட அதை நாள்தோறும் எழுதவைத்துக்கொள்வதில் பலர் காட்டுவதில்லை. இரண்டு வாரம் எழுதுவார்கள். பிறகு ஒருநாள் சட்டைப்பையில் கறை படும், அல்லது அவசரமாகக் கையெழுத்துப் போடும்போது மை இறங்காது, அத்துடன் பேனா மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இவற்றில் பெரும்பாலானவை பேனாவின் குறைகள் அல்ல. உள்ளே மை எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்ற இரண்டையும் கவனிக்காததால் வருபவை. திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கடைசல் எந்திரத்தில் கடைந்து செய்கிறார்களே, ஃபில்லரால் மை ஊற்றும், கெட்டி ரப்பரால் ஆன அந்த எபோனைட் பேனாவை மனத்தில் வைத்து, நம் வெயிலில் தமிழ் எழுதுகிறவர் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நிப்பு. ஆங்கிலம் எழுதுகிறவர்கள் புகழும் தடித்த நிப்பால் மூன்று சுழி ணகரத்தைச் சிறிய அளவில் எழுதிப் பார்த்தால், சுழிகள் மூன்றும் அடைபட்டு ஒரு மைத்திட்டாகிவிடும். எழுத்தைப் பெரிதாக எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் ஃபைன் நிப்பையே வாங்குவது நல்லது. ஜப்பானிய ஃபைன், ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லியதாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடையில் பேனாவைச் சோதிக்கும்போது எல்லாரும் தம் கையெழுத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். கையெழுத்து வேகத்தில் ஓடிவிடுவதால் நிப்பின் குறை அதில் தெரியாது. நான் ‘எண்ணெய்க் கிண்ணம்’ என்று எழுதிப் பார்ப்பேன். அதில் நான்கு ணகரங்களும் ஐந்து புள்ளிகளும் இருக்கின்றன. புள்ளி வைப்பதென்றால் நிப்பு தாளைத் தொட்ட அந்தக் கணத்திலேயே மை இறங்கியாக வேண்டும். எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்து புள்ளிகள் மட்டும் விடுபட்டால், நிப்பின் முனைப் பிளவின் இரு ஓரங்களும் அளவுக்கு மீறி உருட்டித் தேய்க்கப்பட்டிருக்கின்றன என்றும், மை தாளை எட்டாமல் மேலேயே நிற்கிறது என்றும் பொருள். அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றைக் கேளுங்கள்.

புதிய பேனாவில் கடைசலின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு சொட்டுக் கலந்த குளிர்ந்த நீரில் நிப்பு பொருத்திய கழுத்துப் பகுதியைக் கழுவிவிட்டு, பின்பு வெறும் நீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவிட வேண்டும். வெந்நீர் கூடாது. எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். சூட்டிலும் நீரிலும் வெயிலிலும் நெடுநேரம் கிடந்தால் அதன் கருமை மங்கிப் பழுப்பேறும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்கும்போது இலேசாக வரும் கந்தக வாடையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

மை ஊற்றுவதற்கு முன் கழுத்தின் மரையில் கடுகளவு சிலிக்கான் கிரீஸைத் தடவி, மரை முழுவதும் படரும்படி இரண்டு மூன்று முறை திருகித் திறக்க வேண்டும். கிரீஸ் கிடைக்காதபோது வாசலினையோ தேங்காய் எண்ணெயையோ தடவுகிறவர்கள் உண்டு. மரையில் ரப்பர் வளையம் இருந்தால் வாசலின் அதைக் கெடுக்கும். எண்ணெய் மையில் கலந்தால் மை ஒழுங்காக இறங்காது. பிறகு மை நிற்கும் உடற்பகுதியான கட்டையை நிமிர்த்திப் பிடித்து, மரை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை ஃபில்லரால் நிரப்பிக் கழுத்தை மூட வேண்டும். மற்றப் பேனாக்களுக்குள் பொருத்தி மையை உறிஞ்சும் சிறு குழலான கன்வெர்ட்டரில் பெரும்பாலும் 1 மில்லிக்கும் குறைவான மையே பிடிக்கும். பெரிய எபோனைட் பேனாவிலோ 3 மில்லி வரை பிடிப்பதால், நாளொன்றுக்கு நான்கைந்து பக்கம் எழுதுகிறவருக்கும் பல நாள் தாங்கும். சிக்கலும் அந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது.

மை தீரத் தீர அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு விரியும். உள்ளே 2 மில்லி காற்று இருக்கும்போது, 24 டிகிரியில் வைத்த குளிரூட்டிய அறையிலிருந்து 38 டிகிரி வெயிலுக்குப் போனால் அது ஏறக்குறைய 0.09 மில்லி விரிந்து அவ்வளவு மையை வெளியே தள்ளப் பார்க்கும். ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. அதாவது, கிட்டத்தட்ட இரண்டு சொட்டு மை வழி தேடுகிறது. நிப்புக்கு அடியிலுள்ள நாக்கின் வரிப்பள்ளங்கள் அதில் ஓரளவைத் தாங்கிக்கொள்ளும், மீதி தாளிலோ மூடிக்குள்ளோ கக்கும். உள்ளங்கைச் சூடும் இதையேதான் செய்கிறது. எபோனைட் சூட்டை மெதுவாகக் கடத்துவதால், பிளாஸ்டிக் பேனா கக்கும் அளவுக்கு அது கக்குவதில்லை என்று அதன் சிறப்பாகச் சொல்வார்கள். அந்தச் சிறப்பை நம்பி, ஒரு சித்திரை மாதத்தில் கால்வாசி மை மட்டுமே இருந்த பேனாவை வெள்ளைச் சட்டையில் குத்திக்கொண்டு பேருந்தில் நின்றபடியே போனேன். இறங்கும்போது என் இடப்பக்கம் நீலமாக இருந்தது. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மை மிஞ்சும்போதே மறுபடி நிரப்பிவிடுகிறேன். விமானத்தில் போகிறவர்கள் பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி கொண்டுபோக வேண்டும்.

மையைப் பொறுத்தவரை, அன்றாட எழுத்துக்கு பிரில், சுலேகா போன்ற சாதாரணச் சாய மைகளே போதும் என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் விலைவைத்த சீசாவும் மினுக்குத்தூள் கலந்த மையும் விடுமுறை நாளுக்கு இருக்கட்டும். மினுக்குத்தூள் நாக்கின் பள்ளங்களில் படிந்து அடைக்கும். ராயல் புளூ மை எளிதில் கழுவுபடும், துணியில் பட்டாலும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதே காரணத்தால் காசோலைக்கும் பத்திரத்துக்கும் ஆகாது. அவற்றுக்கு அழியாத மை வேண்டும். சில நீலக்கறுப்பு மைகளில் இரும்பு உப்பும் தாவரத் துவர்ப்பும் சேர்ந்திருக்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்தால் கறுத்துப்போவதும் இதே வேதிமாற்றம்தான். தாளில் எழுதும்போது வெளிறித் தெரியும் வரி காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளின் நார்களோடு பிணைந்துவிடுவதால், தண்ணீர் கொட்டினாலும் எழுத்து நிற்கும். இந்த மை அமிலத் தன்மை உடையது, பேனாவுக்குள் காய்ந்தால் எளிதில் கரையாது. ஆகவே எழுதாமல் நாள்கணக்கில் விடக் கூடாது. அரக்குக் கலந்த வரைபட மையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள், நாக்கு நிரந்தரமாக அடைபட்டுவிடும். இரண்டு மைகளைக் கலக்கும் ஆசை வந்தால், சிறு கண்ணாடிக் குப்பியில் கலந்து இரண்டு நாள் வைத்து, அடியில் வண்டல் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே பேனாவில் ஊற்றலாம். பேனாவில் மிஞ்சியதைச் சீசாவில் திருப்பி ஊற்றுவதால் பூஞ்சை பிடிக்கும்.

தாள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குமுன் ஒரு மூலையில் எழுதிப் பார்த்து, மை ஓரங்களில் கிளைவிடாமலும் மறுபக்கம் ஊறாமலும் இருந்தால் போதும். கரும்புச் சக்கையில் செய்த தாள் பெரும்பாலும் எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை. வெயில் நாட்களில் பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் மை விட்டுவிட்டு வந்தால் பேனாவைத் திட்ட வேண்டாம். கைவியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் அங்கே படிந்திருக்கின்றன. கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

காலையில் பேனா எழுத மறுத்தால் உதறக் கூடாது. பள்ளிக்கூடத்தில் உதறி முன்பெஞ்சுக்காரன் சட்டையைக் கெடுத்ததும், கொட்டிய மையைச் சாக்பீஸால் உறிஞ்சியதும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்போது அதற்கு வயது கடந்துவிட்டது. நிப்பின் முனையை மட்டும் நீரில் தொட்டு, துணியில் ஒற்றிவிட்டு எழுதினால் காய்ந்த மை கரைந்து ஓடத் தொடங்கும்.

மூன்று முறை மை நிரப்பியதும் ஒரு முறை கழுவுவது என்று வைத்துக்கொள்ளலாம். மையின் நிறத்தை மாற்றும்போதும், ஒரு வாரத்துக்கு மேல் எழுதப்போவதில்லை என்று தெரியும்போதும் கட்டாயம் கழுவ வேண்டும். மிஞ்சிய மையைக் கொட்டிவிட்டு, கழுத்தின் பின்பக்கத் துளையில் ரப்பர் குமிழை வைத்து நீரை அழுத்தினால் நாக்கின் பள்ளங்களில் தங்கியதெல்லாம் நிப்பு வழியாக வெளியேறும். நிப்பையும் நாக்கையும் ஒவ்வொரு முறையும் பிடுங்கி எடுத்தால் பொருத்தம் தளர்ந்துவிடும். நீர் தெளிந்து வந்த பிறகு, மடித்த டிஷ்யூ தாளின்மேல் நிப்பு கீழ்நோக்கியிருக்கும்படி கழுத்தை ஒரு சிறு குவளையில் இரவு முழுவதும் நிறுத்திவைக்க வேண்டும். காலையில் தாளில் இன்னும் நீலம் பரவியிருந்தால் மறுபடி கழுவுங்கள். வெறும் ஈரத்தடம் மட்டும் இருந்தால், கழுத்து காய்ந்ததும் மரையில் கிரீஸ் தடவி மை ஊற்றலாம்.