சின்ன வளவில் மரக்கறியும் செண்பகமும்

யாழ்ப்பாண நகரத்து வீட்டில் கிணற்றடியோடு பத்தடி நிலம் மிஞ்சினாலும் பறவைகளும் வந்து தங்கும் மரக்கறித் தோட்டம் செய்யலாம். பாத்திக்கு முன் வேலியைப் பாருங்கள். வெறும் மதிலில் குருவி தங்காது. ஐப்பசி மழை விழுந்ததும், மணிக்கட்டுப் பருமனில் ஐந்தடிச் சீமைக்கிளுவைக் கதியால்களை அடி சரிவாக வெட்டி, மதிலுக்கு உட்புறமாக ஓரடிக்கு ஒன்று, ஒன்றரையடி ஆழத்தில் நடுங்கள். பட்டை நசுங்கிய தடி அழுகிவிடும். தழைத்தபின் பயிற்றங்கொடியை அதில் ஏற்றலாம், குழையை வெட்டிப் பாத்திக்குத் தாழ்க்கலாம்.

மாரியில் பாத்தியை அரையடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் மிளகாய்க் கன்றின் வேர் அழுகும். கோடையில் அதே அளவு தாழ்த்தி, அடியில் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் ஈரம் நிற்கும். செம்மண் இரண்டு பங்குக்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணம் வேரைச் சுடும். வெண்டிக்கு இரண்டடி இடைவெளி விடுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு: நம் சுண்ணக்கல் நிலத்தில் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. அதற்கு அடுப்புச் சாம்பல் போட்டால் இன்னும் மோசமாகும். உக்கிய எருவைக் கூட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் இலை நுனி கருகும். தினமும் மேலோட்டமாகத் தெளிக்கும்போது உப்பு மேல்மண்ணிலேயே தங்குகிறது. இடைவெளி விட்டு, ஆழமாக ஊறும்படி இறையுங்கள், மேலே சருகு மூடுங்கள்.

தேசி மரத்தில் குருவி எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே வரும், மணமும் அடிக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்தால் பச்சையாகும். பெரிய மரத்துக்கு அதனால் கேடில்லை. இரண்டடிக் கன்றில் நாலைந்து இருந்தால் மொட்டையாக்கிவிடும், அப்போது பெரிய தேசிக்கு மாற்றிவிடுங்கள். மருந்து மட்டும் அடிக்க வேண்டாம்: குஞ்சுக்கு இரை தேடும் தேன்சிட்டும் புலுனியும் அந்தப் புழு பூச்சிகளையே நம்பியிருக்கின்றன.

பறவைக்குத் தண்ணீர் வைக்க இரண்டங்குல ஆழ மண்சட்டி போதும், நடுவில் ஒரு கல். பழைய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் இருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள்.

ஆபிரிக்க நத்தைக்கு நஞ்சு வில்லை போடாதீர்கள். அந்த நத்தையைத் தின்னும் செண்பகப் பறவைக்கும் அது ஆபத்து. மாலையில் நனைந்த சாக்கை விரித்து, காலையில் கையுறையோடு பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில் போடுங்கள். அந்தத் தண்ணீர் பாத்திப் பக்கம் போகக்கூடாது.