எதுவரைக்கும் என்று கேட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொல்வது எப்படி

என் வீட்டுக்காரர் இறந்தது 2020 ஏப்ரலில். கொரோனா இல்லை, மாரடைப்பு. ஆனால் நடமாட்டக் கட்டுப்பாடு மார்ச் 18ஆம் தேதியே வந்துவிட்டது. ஆலயம் பூட்டிக் கிடந்தது. ஜொகூரில் இருக்கும் மகள் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிக் கடிதம் வாங்கி, ராத்திரி முழுக்கக் காரோட்டிப் பினாங்கு வந்து சேர்ந்தாள். கல்லறையில் நாங்கள் ஏழு பேர். முகக்கவசத்தோடு பாடினால் பாட்டு வாய்க்குள்ளேயே சுருண்டுகொள்கிறது. அதனால் போதகர் தன் கைப்பேசியில் ஒரு கீர்த்தனையைப் போட்டுத் தூக்கிப் பிடித்தார். பெட்டி பாதி இறங்கியிருக்கும்போது யாரோ அவரை அழைக்க, கீர்த்தனை நின்று ரிங்டோன் அடித்தது. இவர் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். பாதிக்கு மேல் ஒரே வசனம்: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். கூடவே, "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் சிஸ்டர்." எனக்கு ஸ்தோத்திரம் வரவில்லை. முப்பது வருஷம் பாடகர் குழுவில் நின்றவளுக்கு ஐந்து மாதம் ஒரு வரி வரவில்லை.

அந்த ஐந்து மாதத்திலும் அதற்குப் பிறகும் தட்டுத் தடுமாறி நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எழுதியதில் உபதேசப் பிழை இருந்தால் உங்கள் போதகரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

பாட முயற்சி செய்யாதீர்கள். வீட்டில் யாராவது ஜெபித்தால் கடைசியில் ஆமென் சொல்லுங்கள். அதுவும் வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் வசனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது, பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு தன் வாயால், தன்னைப் பற்றிச் சொன்னது. வேதாகமத்தில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. வேறு யாரும் வந்து அவனிடம் சொன்னதல்ல. அதே யோபு 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். ஒன்றாம் அதிகாரத்தை அனுப்புகிறவர்கள் மூன்றாம் அதிகாரத்தை அனுப்புவதில்லை. அவனுடைய நண்பர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், முதல் ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்தார்கள், கெட்டது. 42ஆம் அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது அவர்கள் மேல், புலம்பினவன் மேல் அல்ல. உங்களுக்கு யாராவது அவசரப்பட்டு வசனம் அனுப்பினால் இதை மனதில் வைத்துக்கொண்டு, "நன்றி" என்று மட்டும் பதில் போட்டுவிடுங்கள். சண்டை வேண்டாம்.

முதலில் கேளுங்கள்

என் பாட்டி கெடாவில் ரப்பர்த் தோட்டத்துக்காரி. தாத்தா செத்தபோது அவள் வைத்த ஒப்பாரி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "என் ராசாவே, தங்கமே" என்று ஒரு மூச்சு. "நட்டாற்றில் விட்டுட்டுப் போனியே பாவி" என்று அடுத்த மூச்சு. புகழ்ச்சியும் திட்டும் ஒரே ராகத்தில் வரும். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி கூடாது என்று சபை மூப்பர் வந்து நிறுத்தினார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்று பவுல் எழுதியிருக்கிறாராம். எழுதியிருக்கிறார்தான். துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லையே.

பின்னால் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் பாட்டி தப்புப் பண்ணவில்லை என்று தெரிந்தது. 150 சங்கீதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முறையீடு. 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு முறை கேட்டுவிடுகிறான். ஐந்திலும் ஆறிலும்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகிறது. ஒப்பாரியின் அதே அமைப்பு, மாறியிருப்பது யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதுதான்.

செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மேலே "கர்த்தாவே" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிடக் கூடாது. அது இருந்தால்தான் முறையீடு, இல்லாவிட்டால் வெறும் புலம்பல். அதன் கீழே உங்கள் நாலு "எதுவரைக்கும்". என்னுடையவை இப்படி இருந்தன: எதுவரைக்கும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன்? எதுவரைக்கும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அடுப்பைத் தணிப்பேன்? எதுவரைக்கும் ஒவ்வொரு அலுவலகப் பாரத்திலும் "பாலு" (மலாயில் விதவை) என்ற கட்டத்தைத் தேடிப் பேனாவை வைப்பேன்? நாலாவதை எழுத மாட்டேன், அது எனக்கும் அவருக்கும் நடுவில்.

எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். ஐந்தாம் வசனத்துக்கு ஓடாதீர்கள். நான் நாலாம் வசனத்தில் பல வாரம் நின்றேன். 88ஆம் சங்கீதம் கடைசிவரை விடியவே விடியாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அக்கா இந்து. மகனை விபத்தில் பறிகொடுத்தவர். தண்ணீர்மலைக் கோயிலில் 500க்கும் மேற்பட்ட படி ஏறிப் போய்விட்டு வந்து, "இன்னைக்கு முருகனை நல்லாக் கேட்டுட்டு வந்தேன்" என்பார், ஏதோ கடன்காரனைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. திட்டிக்கொண்டே துதிப்பதற்கு நிந்தாஸ்துதி என்று ஒரு பெயரே உண்டு என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். எங்கள் நோட்டுப் புத்தகங்கள் வேறு வேறு. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

லே-யும் க்காக-வும்

இனி ஸ்தோத்திரத்துக்கு வருவோம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். "எல்லாவற்றுக்கும்" என்றால் இவர் செத்ததற்கும் நன்றி சொல்ல வேண்டுமா? என் வாய் அதற்குத் திறக்காது.

1 தெசலோனிக்கேயர் 5:18ஐ எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் இருக்கிறது. லே. இதன் உள்ளே நின்றுகொண்டு, என்று அர்த்தம். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். "இவர் போனதற்காக ஸ்தோத்திரம்" என்று இன்றுவரை சொன்னதில்லை. "இவர் இல்லாத இந்தச் சமையலறையிலே, கர்த்தாவே, நீர் நல்லவர்" என்று சொல்லியிருக்கிறேன். முதலாவது பொய். இரண்டாவது கஷ்டம், ஆனால் பொய் இல்லை.

இதைப் பெண்கள் கூட்டத்தில் சொன்னபோது ஒரு மூப்பர், எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே அம்மா என்றார். சரிதான், இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் வேற்றுமை உருபு படித்தவள். ஐயா, நான் இப்போதைக்கு ஏழாம் வேற்றுமையில் நிற்கிறேன், நாலாம் வேற்றுமைக்கு வந்து சேர நாளாகும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இன்னும் நான் வந்து சேரவில்லை.

ஆகவே உங்கள் வரியைக் கட்டும்போது இடத்தைச் சொல்லிக் கட்டுங்கள். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலே. வேலை போன இந்த மாதத்திலே. பிறகு கடவுளைப் பற்றி உங்களால் மனசாரச் சொல்ல முடிந்த ஒரே ஒரு வார்த்தை. "நீர் பெரியவர்" என்று சொல்ல முடியாவிட்டால், "நீர் கேட்கிறீர்" என்று சொல்லலாம். நாளுக்கு ஒன்று போதும்.

போனாலும் பட்டியல்

இது என் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனது. 2017 நவம்பர் 4, 5இல் பினாங்கில் அடித்த புயல்மழை உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பி. ராம்லி சாலைப் பக்கம் குடியிருந்தோம். தண்ணீர் இடுப்பு வரை வந்தது. வடிந்த பிறகு இவர் ஈரத் தரையில் உட்கார்ந்து, மாமனாருடைய பழைய கீர்த்தனைப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரம் அவருக்கு மனப்பாடம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆரம்பித்து, ப்ரிட்ஜ் செத்துப்போனாலும், சோபா நாறிப்போனாலும், என் பொண்டாட்டி தையல் மெஷின் துருப்பிடித்துப்போனாலும் என்று ராகம் போட்டுக்கொண்டே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. வேலை செய்யுங்கள் முதலில் என்றேன்.

ஐந்தாவது மாதம் நானே அதைச் செய்தேன். ஆபகூக் கணக்காக ஆறு இழப்புகளைச் சொல்கிறான்: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு. எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. "துன்பம் வந்தாலும்" என்று அவன் பொதுவாகச் சொல்லவில்லை. நீங்களும் ஆறு எழுதுங்கள், பெயர் சொல்லி. சம்பளம், கடைச் சாவி, வலது கை, நாய்க்குட்டி, எதுவானாலும். கடைசியில் அவன் "ஆனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறான். அந்த இடத்தில் உங்களால் முடிந்த வினைச்சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நான் முதலில் போட்டது, "ஆனாலும் உம்மோடு பேசுவேன்." மகிழ்ச்சி என்ற சொல்லை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

குரல்

இது பாடுகிறவர்களுக்கு. அழுத தொண்டை இறுகிப்போயிருக்கும், மேல் ஸ்வரம் ஏறாது. வழக்கமான சுருதியில் ஆரம்பித்தால் இரண்டாவது அடியில் உடைந்துவிடும். ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் வார்த்தை வேண்டாம், வாயை மூடிக்கொண்டு முனகுங்கள். மெதுவான பாட்டாக எடுங்கள். இறந்தவருக்குப் பிடித்த பாட்டைத் தொடாதீர்கள்.

நான் முதன்முதலில் முனகியது பெர்ரியில். பட்டர்வொர்த்தில் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது. பழைய பெர்ரியின் இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது, அதுதான் எனக்கு வசதி. அந்த வருஷக் கடைசியோடு பாதசாரிகளுக்கு அந்தப் பெர்ரியை நிறுத்திவிட்டு வேகப்படகு விட்டார்கள், அதில் முனகக்கூட மனம் வரவில்லை. 2023 ஆகஸ்டில்தான் புதிய பெர்ரி வந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு சத்தமான இடம் கிடைக்கும். குளியலறைக் குழாய், பசார், ஓடும் வாஷிங் மெஷின்.

நேரமும் முக்கியம். எனக்கு மோசமான நேரம் சாயங்காலம் ஐந்து மணி, இவர் வேலை விட்டு வரும் நேரம். பாடகர் குழுத் தோழி ஒருத்தி தினமும் சரியாக ஐந்துக்குப் போன் செய்து, விசாரிப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு பாட்டைப் பாடிவிட்டு வைத்துவிடுவாள். பிலிப்பி ஊர்ச் சிறையில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பவுல் பாடினான் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். கூட சீலாவும் இருந்தான் என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் மோசமான நேரத்தை ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள்

சுருக்கமாக. இரண்டு பாட்டு போதும், தாழ்ந்த சுருதியில். தாலி இழந்தவளை, பிள்ளையை இழந்தவளைப் பாடச் சொல்லாதீர்கள், சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். சோறு கொண்டுபோங்கள். இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பாரம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். எனக்கு வந்த ஆறுதல்களிலேயே பெரிய ஆறுதல் மலாய் பாரங்களை ஒரு பிள்ளை உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்ததுதான்.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே வேண்டாம் போலிருக்கிறது என்றால் பாட்டை ஒதுக்கி வையுங்கள். யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் போனேன். மாத்திரையும் சாப்பிட்டேன். விசுவாசம் குறைந்துவிட்டதென்று யாராவது சொன்னால், பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகத் திராட்சரசம் எழுதிக்கொடுத்ததைக் காட்டுங்கள்.

நினைவு நாள்

வருஷ நினைவு ஆராதனைக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள். சமையல் யார், பிரசங்கம் எவ்வளவு நேரம் (பத்து நிமிஷத்துக்கு மேல் விடாதீர்கள்), பாட்டு எவை எல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள். முதல் வருஷம் நான் அவருக்குப் பிடித்த பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாம், மூன்றாம் வருஷமும் அப்படித்தான். போன ஏப்ரலில்தான் போட்டேன், இஸ்திரி போட்ட அந்தப் புத்தகத்திலிருந்தே, சுருதி இரண்டு கட்டை இறக்கி. இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டேன். மீதியைப் பின்வரிசை பாடி முடித்தது.