முதல் முறை மூக்கு குத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி நகைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. தை, மாசி முகூர்த்தங்களுக்குப் புடவை எடுத்தாகிவிட்டது, தாலிக்குப் பொன் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக நினைவுக்கு வருவது பெண்ணின் மூக்கு. மூக்கு குத்துவதைத் தொழிலாகச் செய்யும் எனக்கு அந்த நாட்களில் வேலையும் அதிகம், கோபமும் அதிகம். அக்கா செய்த தவறைக் கூடவே இருந்து பார்த்த தங்கை, சில ஆண்டுகள் கழித்து அதையே செய்துகொண்டு வந்து நிற்கிறாள்.

அழுக்குக் கையால் தொடக் கூடாது, துண்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசரியைப் பெட்டியில் வைத்துவிட்டு வருவது

டெல்டாவில் பல வீடுகளில் பாட்டியின் எட்டுக்கல் பேசரியோ ஒற்றைக்கல் வைர மூக்குத்தியோ பேத்திக்காகக் காத்திருக்கும். பேத்தியோ “இப்போதைக்கு மெல்லிய கம்பி போதும்” என்று வெறுங்கையோடு வருகிறாள். கம்பியை எந்த இடத்தில் போட்டாலும் அழகாகத்தான் தெரியும். பல மாதங்கள் கழித்துப் பேசரியைப் போடும்போதுதான் அதன் ஒரு விளிம்பு மூக்கு மடிப்பில் இடிப்பதும், மறு விளிம்பு நாசி ஓரத்தைத் தாண்டி நிற்பதும் தெரியவரும். அப்போது துளையை நகர்த்த முடியாது.

புள்ளி வைக்கும் நாளில் அந்த நகை கையில் இருக்க வேண்டும். நேராக உட்கார்ந்து, நகையை மூக்கின் மேல் வைத்துப் பார்த்து, அதன் நடுவுக்கு நேராகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை நன்றாகச் சிரியுங்கள். நாசி விரியும்போது புள்ளி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அழித்துவிட்டு வேறு புள்ளி வைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். மை அழியும், துளை அழியாது.

துப்பாக்கி

வேண்டாம். காது குத்தும் அந்தக் கருவி மழுங்கிய முனையால் சதையை நசுக்கிக்கொண்டு நுழைகிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கருவியில், வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. புது ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்காக மூக்குத்தியை அவசரமாக மாற்றுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற தவறுகள் எரிச்சலோடு போய்விடும். இது தழும்பில் போய் முடியும்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்போது பெண்ணை அழைத்து வருவார்கள். மெல்லிய கம்பியோ சின்ன ஸ்டட்டோ போட்டு அனுப்புவேன். முகூர்த்தத்துக்கு முதல் நாளோ அதற்கு முதல் நாளோ, வேறு யாரிடமாவது உட்கார வைத்து, அதைக் கழற்றிவிட்டுக் கனமான வைர மூக்குத்தியை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

நாசி, குருத்தெலும்பும் கெட்டிச் சதையும் சேர்ந்த இடம். காதின் தொங்கு சதை ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். நாசிக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஓர் ஆண்டு வரை கூட இழுக்கும். மூன்றாவது வாரத்தில் சிவப்பு வடிந்து, வலி குறைந்து, எல்லாம் முடிந்துவிட்டதைப் போலத் தெரிவதுதான் ஆபத்து. துளை இரண்டு வாய்களிலிருந்தும் உள்நோக்கி ஆறுகிறது. நடுப்பகுதி ஆறுவது கடைசியில். தண்ணீர் வடித்த வயல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். மூன்றாவது வார மூக்கும் அப்படித்தான்.

அந்த நிலையில் உள்ளே போவது என்ன என்று பாருங்கள். குத்தும்போது போடும் கம்பி ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். நம் ஊர் மூக்குத்தியின் தண்டு பெரும்பாலும் அதைவிடப் பருமன்; அதோடு மரை வெட்டியிருக்கும். பருமனான தண்டு துளையைக் கிழிக்கும், மரை அங்கே உருவாகிவரும் புதுத் தோலைச் சீவிக்கொண்டு போகும். பிறகு உள்ளேயிருந்து திருகை இறுக்கமாக முடுக்குவார்கள், நகை விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில். இரவில் மூக்கு வீங்கும். வீங்குவதற்கு இடம் இல்லாததால் திருகு சதைக்குள் புதையத் தொடங்கும்.

திருவையாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் வைர மூக்குத்தி போடுகிறார்கள் என்று அவளுடைய அம்மா சொன்னதுமே, இந்த முகூர்த்தத்துக்கு அது கூடாது என்றேன். “தாலி கட்டும் நேரம் மட்டும்தான் அக்கா, சாயங்காலம் கழற்றிவிடுவோம். போடவில்லை என்றால் சம்பந்தி என்ன நினைப்பார்கள்?” என்றார். பதில் சொல்லி அனுப்பினேன். ஆனாலும் போட்டுவிட்டார்கள். நகையை வாங்கிய கடையிலேயே ஒருவர் எண்ணெய் தடவி அழுத்தி ஏற்றியிருக்கிறார். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் கண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சாயங்காலம் திருகைத் தேடினால் காணவில்லை. வீங்கிய சதை அதை மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, உள்பக்கம் கீறி எடுத்தார். துளை அடைந்து தழும்பாகிவிட்டது.

மறுவீட்டுக்குப் பிறகு அவளை என்னிடம் காட்ட அழைத்து வந்தது அவளுடைய மாமியார்தான். “ஆறு மாதம் கழித்துப் போட்டால் போதும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா?” என்றார். என் கோபம் இதனால்தான் தீரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் துணிச்சல் பெண் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. சபையில் பேச்சு வரும் என்று அஞ்சி, பெண்ணின் மூக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

நாள் பார்க்கத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு கடினமில்லை. தையில் கல்யாணம் என்றால் ஆடிப்பெருக்கன்று குத்திவிடுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் கிடைக்கும். ஆடியில் கல்யாணம்தான் வைப்பதில்லை, பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள் என்பதில் பாட்டிகளுக்கும் ஆட்சேபம் இருக்காது. வைகாசி முகூர்த்தம் என்றால் கார்த்திகையில் வாருங்கள். ஆவணி என்றால் மாசியில்.

காலம் தவறிவிட்டதா? குத்தாமலே இருங்கள், கல்யாணம் முடிந்து குத்திக்கொள்ளலாம். சபையில் மூக்குத்தி இருந்தே ஆக வேண்டும் என்றால் துளையில்லாமல் அழுத்திப் போடும் மூக்குத்தி கிடைக்கிறது. ஏற்கெனவே குத்தியிருந்தால், போட்டிருக்கும் சின்ன ஸ்டட்டோடு மணையில் உட்காருங்கள். மாப்பிள்ளை வீட்டு மூக்குத்தியைத் தட்டில் வைத்துக் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கு ஆறியதும் பத்தரிடம் கொடுத்துத் தண்டை மெலிதாக்கி மாட்டிக்கொள்ளலாம். மாமியாரிடம் பெண் சொல்லத் தயங்கினால் அம்மா சொல்ல வேண்டும்; அம்மாவும் தயங்கினால் என்னைப் போல் குத்திவிட்டவரிடம் போனைக் கொடுங்கள், நாங்கள் சொல்கிறோம்.

மஞ்சள், எண்ணெய், வேப்பங்குச்சி

மூன்றையும் அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அரைத்த மஞ்சளும் ஒடித்த குச்சியும் கிருமி இல்லாதவை அல்ல. எண்ணெய் தூசியைப் பிடித்துத் துளையை அடைக்கும். மருந்துக் கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் கேளுங்கள். காலையும் இரவும் சுத்தமான காஸ் துணியில் நனைத்து ஒற்றி, காய்ந்த பொருக்கு ஊறியதும் மெதுவாகத் துடைத்தால் போதும். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒட்டிக்கொள்ளும் என்று தினமும் கம்பியைச் சுற்றிவிடச் சொல்வார்கள். சுற்றச் சுற்றப் பொருக்கு உள்ளே போய்ப் புதுத் தோலைக் கீறும். விட்டுவிடுங்கள்.

கவரிங்

ஆறும்வரை கிடையாது. முலாம் தேய்ந்தால் உள்ளே இருக்கும் உலோகம் புண்ணில் படும். அதில் நிக்கல் கலந்திருந்தால் பலருக்கு அரிக்கும்.

ஆற்றில் முழுகுவது

ஆடிப்பெருக்கன்று முதலில் காவிரியில் குளித்துப் படையலை முடித்துவிட்டு, பிறகு குத்திக்கொள்ள வாருங்கள். அன்று குத்தியவர்களுக்கு ஐப்பசி துலா ஸ்நானத்திலும் மூக்கு முழுதாக ஆறியிருக்காது. மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு அன்று ஊரே முழுகும்; நீங்கள் தலையில் சொம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள், மூக்கு நீரில் மூழ்க வேண்டாம். கோயில் குளத்துக்கும் இதே விதிதான்.

இடதா, வலதா

வீட்டு வழக்கம் எதுவோ அது. இரண்டும் ஒன்றுபோலத்தான் ஆறும்.

சிறு கட்டியைப் பார்த்துப் பயப்படுவது

துளையின் ஓரத்தில் சிவந்த சின்ன உருண்டை எழுந்ததும் “கீலாய்டு வந்துவிட்டது” என்று அழுகிறார்கள். அது பெரும்பாலும் உராய்வாலோ பொருந்தாத நகையாலோ வரும் எரிச்சல் கட்டி. காரணத்தை நீக்கினால் வாரக்கணக்கில் வடிந்துவிடும். கீலாய்டு என்பது காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவி வளரும் தழும்பு. வீட்டில் யாருக்காவது அப்படி வளர்ந்திருந்தால் குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கட்டியின் மேல் சுண்ணாம்பு தடவுவதும் ஊசியால் குத்தி அமுக்குவதும் கூடாது.

சீழ் வைத்ததும் கழற்றி எறிவது

வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ நீர் கசிந்து காய்வது முதல் வாரங்களில் இயல்பு. கெட்டியான பச்சை நிறச் சீழ், நாற்றம், கன்னத்தை நோக்கிப் பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அதற்கு முன் நீங்களாக ஸ்டட்டைக் கழற்றாதீர்கள். புதுத் துளை சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளும். சீழ் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிவிடும். கழற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். திருகு கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருந்தால் மட்டும் காலைவரை காத்திருக்காமல் இரவோடு இரவாகப் போய்விடுங்கள்.