மஸ்டாங்குக்கு வெளி இன்டேக் மாட்டுவது எப்படி: தேரி மண்ணுக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் ஏற்ற மாதிரி

பாளையங்கோட்டையில் எங்கள் அத்தான் ஒருவர் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறார். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே, 5 லிட்டர் வி8, 401 குதிரைத்திறன், அந்த வண்டிதான். கொச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கின ஆறாம் மாதமே "மாப்ள, இன்டேக் ஒண்ணு போட்டுருவமா, சத்தம் நல்லா வருமாம்ல" என்று ஆரம்பித்துவிட்டார். (இன்டேக் என்றால் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்தது.) பெட்டி வந்து, கஸ்டம்ஸ் வரியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 60,000 ரூபாயைத் தொட்டிருந்தது. மாமாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ட்யூன் (இன்ஜின் கணினியின் கணக்கை மாற்றி எழுதுவது) எதுவும் செய்யாமல் வெறும் இன்டேக் மட்டும் மாற்றினால் இந்த இன்ஜினில் பத்து குதிரை கூடினாலே பெரிய காரியம், அதை வண்டி ஓட்டும்போது நீங்கள் உணரப் போவதில்லை. சத்தம் கூடும், அது உண்மை. ஆனால் தப்பாக மாட்டினால் இருக்கிற சக்தியும் போகும், இன்ஜினும் போகும், குறிப்பாக நம்ம பக்கத்தில். ஒருபக்கம் தேரி மண் (காற்றில் பறக்கிற செம்மணல்), இன்னொரு பக்கம் வெயில், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர். கிட் தயாரிக்கிறவன் இந்த மூன்றையும் சேர்த்து யோசித்திருக்க மாட்டான். அதனால் எந்தக் கிட் வாங்குவது என்பதுதான் பாதி வேலை.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். 5 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15,000 லிட்டர் காற்று. திசையன்விளை தாண்டி உவரிக்குப் போகிற வழியில், ஆனி ஆடிக் காற்றில், செம்மண் மேலே எழும்பி நிற்கிற நேரத்தில் அந்த 15,000 லிட்டரில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை சுற்றுகிறது என்றால் அங்கே மண்ணும் சுற்றுகிறது என்று அர்த்தம். ஃபில்டரில் கொஞ்சம் கோட்டை விட்டாலும் அந்த மண் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும்.

அதனால் என் அபிப்பிராயம், எண்ணெய் போடுகிற ஃபில்டர் நமக்கு வேண்டாம், டிரை ஃபில்டர் இருக்கிற கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் ஃபில்டர் கெட்டது என்று சொல்லவில்லை. கழுவி எண்ணெய் தடவும்போது ஆசையாகக் கொஞ்சம் கூடத் தடவிவிடுவோம், அந்த எண்ணெய் காற்றோடு போய் மாஃப் சென்சார் கம்பியில் ஒட்டும், அப்புறம் சென்சார் தப்புக் கணக்கு சொல்லும். (மாஃப் என்றால் உள்ளே போகிற காற்றின் எடையை அளக்கிற சென்சார். அது சொல்கிற கணக்கை வைத்துத்தான் இசியூ, அதாவது இன்ஜினின் கணினி, பெட்ரோல் ஊற்றுகிறது.)

இரண்டாவது, மூடின பெட்டி உள்ள கிட்டாக இருக்க வேண்டும். குழாயும் நுனியில் ஒரு கூம்பு ஃபில்டரும் மட்டும் கொடுத்து 'கோல்ட் ஏர்' என்று விற்பார்கள், அது இன்ஜின் சூட்டையே திரும்பக் குடிக்கும். வெளியே 35 டிகிரியில் இருக்கிற காற்று பானட்டுக்குள் 65 டிகிரி ஆகிவிட்டால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. 401-இல் 9 சதவீதம் என்றால் ஏறக்குறைய 35 குதிரை. பத்து குதிரைக்கு ஆசைப்பட்டு முப்பத்தைந்தைத் தொலைப்பதா? வண்ணார்பேட்டை சிக்னலில் மே மாதம் மதியம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தெரியும்.

மூன்றாவது, ஃபில்டரை பம்பருக்குள் கீழே இறக்கி வைக்கிற நீளக் குழாய்க் கிட் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படி வந்தது, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி எப்படித் தண்ணீரில் நின்றது என்று நமக்குத் தெரியும். அவ்வளவு வெள்ளம் வரக்கூட வேண்டாம், ஒரு ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் போதும். தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். பழைய பெட்டி எந்த உயரத்தில் இருந்து காற்றை எடுத்ததோ, புதுசும் அதே வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

நான்காவது விஷயம் குழாயின் அகலம். மாஃப் சென்சார் உட்காருகிற இடத்தில் விட்டம் கம்பெனி அளவிலிருந்து மாறினால் சென்சார் காட்டுகிற எண்ணும் மாறும். விட்டம் கூடினால் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோல் குறையும், இன்ஜின் லீனாக ஓடும். 11:1 கம்ப்ரெஷன் உள்ள இன்ஜினை நம்ம வெயிலில் லீனாக ஓட்டுவது நல்லதில்லை. கிட் விவரத்தில் 'ட்யூன் தேவை' என்று போட்டிருந்தால் அதை நம்புங்கள், ட்யூன் செய்ய ஆள் கையில் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும், காலையில் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் நமக்கும் நல்லது. நிழலுக்காக வேப்ப மரத்தடியில் நிறுத்தாதீர்கள். நாங்கள் நிறுத்தினோம், சித்திரை மாசம், பூ கொட்டிக்கொண்டே இருந்தது. திறந்து கிடக்கிற த்ராட்டில் பாடிக்குள் (இன்ஜினுக்குள் காற்று போகிற வாய்) வேப்பம்பூ விழுந்தால் அதைக் குனிந்து பொறுக்கவே அரை மணி நேரம். போர்ட்டிகோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

எட்டு நம்பர், பத்து நம்பர் பாக்ஸ், ஒரு ராட்செட், எக்ஸ்டென்ஷன், டி20 ஸ்டார் பிட், சின்னதாக ஒரு தட்டைத் திருப்புளி, நூல் உதிராத சுத்தமான துணி, இவ்வளவுதான். கழற்றுகிற ஸ்க்ரூவைப் போட டீ கிளாஸோ தூக்குச் சட்டியோ ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பானட்டைத் தூக்கினதும், எதையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், எந்தக் குழாய் எங்கே போனது என்பது மூன்று மணி நேரம் கழித்து நினைவிருக்காது.

பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள். அடுத்து மாஃப் சென்சார் ப்ளக்: அதில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும், அதைப் பின்னால் தள்ளிவிட்டு, அமுக்கிக்கொண்டு ப்ளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிறகு கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) காற்றுக்குழாய், அதுவும் அமுக்கிக் கழற்றுகிற வகைதான். காரின் கேபின் பக்கம் போகிற சவுண்ட் ட்யூப் ஒன்றும் இன்டேக் குழாயில் சேர்ந்திருக்கும், இன்ஜின் சத்தத்தை உள்ளே கொண்டுவருவதற்காக கம்பெனியே கொடுத்தது. உங்கள் கிட்டில் அதற்கு இடம் இருக்கிறதா, இல்லை அடைக்க மூடி கொடுத்திருக்கிறார்களா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் பாடி பக்கத்து ஓஸ் கிளிப்பை எட்டு நம்பரில் தளர்த்தி, பெட்டியின் பத்து நம்பர் போல்ட்டைக் கழற்றி, பெட்டியை நேராக மேலே தூக்குங்கள். அடியில் ரப்பர் புஷ்ஷில் சொருகியிருக்கும், அதனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆட்டி ஆட்டி எடுத்தால் வந்துவிடும். ரப்பர் வண்டியோடு நிற்கிறதா, பெட்டியோடு வந்துவிட்டதா என்று பாருங்கள், புதுப் பெட்டிக்கு அது வேண்டும்.

பெட்டி வெளியே வந்த அடுத்த நொடி த்ராட்டில் பாடி வாயில் துணியைச் சுற்றி அடைத்துவிடுங்கள். வெளியே தொங்குகிற மாதிரி பெரிய துணியாக, கலர் துணியாக இருக்கட்டும், இல்லையென்றால் அதை உள்ளேயே வைத்துக் குழாயை மாட்டுகிற ஆட்களும் உண்டு. பழைய குழாய்க்குள் லேசாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் பயப்பட வேண்டாம், கிராங்க் கேஸ் ஆவியில் வருவது அது.

பழைய பெட்டியிலிருந்து மாஃப் சென்சாரை டி20-ல் கழற்றி எடுக்கும்போது நுனியில் இருக்கிற கம்பியை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். அழுக்காக இருந்தால் மாஃபுக்கென்றே விற்கிற ஸ்ப்ரேயில் மட்டும் அடித்துக் காயவிடுங்கள், கார்புரேட்டர் ஸ்ப்ரே, பிரேக் ஸ்ப்ரே எதுவும் ஆகாது. புதுக் குழாயில் மாட்டும்போது அம்புக்குறி காற்று போகிற திசையில், அதாவது இன்ஜினைப் பார்த்து இருக்கணும். ரப்பர் ஓரிங் மடங்காமல் உட்காரணும். பிளாஸ்டிக்கில் ஏறுகிற ஸ்க்ரூ, அதனால் பிட்டைக் கையால் திருகினால் போதும்.

த்ராட்டில் வாயில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, புதுப் பெட்டியை ரப்பரில் உட்கார வைத்து, ஃபில்டர், குழாய், சிலிகான் கப்ளர் (குழாய்களை இணைக்கிற துண்டு) எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே சேருங்கள். எல்லாரும் இங்கேதான் அவசரப்படுவார்கள். ஒரு கிளிப்பை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் குழாய் கோணலாக நின்றுவிடும், கடைசி இணைப்பில் ஒரு நூல் அளவு இடைவெளி விழும். முழுவதும் சேர்த்து, நேராக நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் த்ராட்டில் பக்கத்திலிருந்து ஃபில்டர் பக்கமாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கப்ளர் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கினால் கிளிப்பே சிலிகானை வெட்டிவிடும்.

கிராங்க் கேஸ் குழாயைத் திரும்பச் சொருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அன்றைக்கு எங்கள் தெருவில் கோயில் கொடை, ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். மறுநாள் வள்ளியூர் தாண்டும்போது இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171, பி0174, இரண்டு பக்க சிலிண்டர் வரிசையும் லீன் என்று காட்டியது. மாஃப் அளக்காத காற்று அந்தக் குழாய் வாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ரோட்டோரமாக நிறுத்தி அமுக்கினேன், டக் என்றது, அவ்வளவுதான் விஷயம். இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தக் கழன்ற வாய் ஃபில்டருக்கு அப்பால் இருக்கிறது, அதாவது வள்ளியூர் வரைக்கும் இன்ஜின் கொஞ்சம் மண்ணையும் சாப்பிட்டிருக்கிறது. எனவே சொருகின பிறகு இழுத்துப் பாருங்கள், காதை நம்பாதீர்கள்.

பானட் இடிக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பரோட்டா மாவு உருண்டை ஒன்றை பாலிதீன் பையில் சுற்றி, குழாயின் உயரமான இடத்தில் வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். நசுங்கின மாவின் கனம்தான் உங்களுக்குக் கிடைத்த இடைவெளி. ஆக்சிலேட்டரை மிதித்தால் வி8 தன் இடத்திலேயே புரண்டு கொடுக்கும், ஆகவே ஒரு விரல் கனமாவது மாவு நிற்க வேண்டும். எங்களுக்கு அரை விரல்தான் நின்றது, பெட்டியை ரப்பரில் இன்னும் அழுத்தின பிறகு சரியானது.

துணியை எடுத்தாயிற்றா? பேட்டரி மைனஸை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கழற்றினதில் இசியூ கற்று வைத்திருந்ததெல்லாம் போயிருக்கும், அதனால் ஐடிலில் கொஞ்சம் ஏறி இறங்கும். ஏசி இல்லாமல் பத்து நிமிடம், ஏசி போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நான்கு வழிச் சாலையில் நாங்குநேரி வரை நிதானமாகப் போய் வாருங்கள். ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சொருகி போனில் இரண்டு எண்களை மட்டும் கவனியுங்கள். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்கிற எண்) பூஜ்யத்தைச் சுற்றி ஐந்துக்குள் நின்றால் நிம்மதி, பத்தைத் தாண்டி பிளஸ்ஸில் போனால் எங்கோ காற்று கசிகிறது, கப்ளரிலிருந்து ஆரம்பித்துத் தேடுங்கள். இன்டேக் காற்றின் சூடு ஓடும்போது வெளிச் சூட்டை விடப் பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாகவே நின்றால் பெட்டியின் ஓர ரப்பர் பானட்டோடு சரியாகப் பொருந்தவில்லை.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறது, வாரண்டி உள்ள வண்டி என்றால் அதிலும் சிக்கல் வரும். மாட்டுவதற்கு முன்னால் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபில்டரை எப்போது திறப்பது? மதுரை, நாகர்கோவில் என்று தார் ரோட்டிலேயே ஓடினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். தேரிப் பக்கம் அடிக்கடி போனால் ஆடி முடிந்ததும் கட்டாயம் ஒரு தடவை. டிரை ஃபில்டரைக் கையில் தட்டினாலே பாதி மண் கொட்டும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் ஃபில்டரில் ஓட்டை விழும், பங்க் பையன் ஆசையாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேங்கின தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவந்து ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் டோ வண்டிதான்.

கழற்றின பழைய பெட்டியை, ஸ்க்ரூ, ரப்பர் எல்லாவற்றோடும் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். அத்தானுடையது இப்போது எங்கள் வீட்டுப் பரணில், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாமா கண்ணில் படக் கூடாது என்பதற்காக.