சூரிய விளிம்பில் தீக்கொழுந்து: கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு

சூரியனுக்கென்றே செய்த தொலைநோக்கியில் பார்த்தால், விளிம்பில் தீக்கொழுந்தாகத் தெரியும் பிராமினன்ஸும், சூரிய வட்டின் மேல் கருங்கோடாகத் தெரியும் ஃபிலமென்ட்டும் ஒரே பொருள்தான். காந்தப்புலம் தாங்கி நிற்கும், ஏறத்தாழ 10,000 டிகிரி சூடான பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு. இருட்டு வானம் பின்னால் இருந்தால் ஒளிர்கிறது. வட்டு பின்னால் இருந்தால் அதன் ஒளியை உறிஞ்சிக் கருக்கிறது.

ஆகவே நாளை தெரியப்போவதை இன்றே கணிக்கலாம். நம் பார்வையில் சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒரு சுற்று, அதாவது நாளுக்கு 13 பாகை. கோங் (GONG) என்ற சூரியக் கண்காணிப்புத் தொலைநோக்கி வலையமைப்பு இணையத்தில் வெளியிடும் ஹைட்ரஜன் ஆல்பா (ஹெச்-ஆல்பா, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) படங்களைப் பாருங்கள். மேற்கு விளிம்பை நெருங்கும் ஃபிலமென்ட், இடையில் வெடித்துச் சிதறாவிட்டால், ஓரிரு நாளில் பிராமினன்ஸாக எழுந்து நிற்கும்.

இடம்தான் நம்மூரில் சிக்கல். பாறையும் மொட்டைமாடியும் சீக்கிரமே சூடேறி, படம் நெளிய ஆரம்பித்துவிடும். மாந்தோப்புப் பக்கம் புல்தரை பரவாயில்லை. கே.ஆர்.பி. அணையின் கரையில், கிழக்கே தண்ணீர் இருக்கும்படி காலையிலேயே நின்றால் இன்னும் நல்லது.

கேமராவில் எடுப்பவர்கள் வட்டு வெளுத்துப்போகும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். பிராமினன்ஸ் அவ்வளவு மங்கல்.

சாதாரண சூரிய ஃபிலிமில் இவை தெரியாது, ஹெச்-ஆல்பாவின் 656.3 நானோமீட்டர் ஒளியை மட்டும் காட்டும் சூரியத் தொலைநோக்கியே வேண்டும். நெபுலா படமெடுக்க விற்கும் ஹெச்-ஆல்பா ஃபில்டரைச் சூரியனுக்கு மாட்டிப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.